மண்ணுக்குள் கிடந்த ரவைகளும் பெரியப்பாவின் துவக்கும்

நான் ஒன்பது ஆண்டுகள் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். மிதிவெடிக்கும் எறிகணைக்கும் பயப்படுகிற எங்கள் சனம் துவக்கு ரவைக்கு, அதாவது துப்பாக்கித் தோட்டாவுக்குப் பயப்படுவதில்லை என்பதை அந்த ஆண்டுகள் முழுவதும் கவனித்து வந்தேன். உழும்போது ஒரு மிதிவெடி கண்ணில் பட்டால் உழவு இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறவர்கள், அதே உழவுச் சாலில் நாலைந்து ரவைகள் கிடந்தால் குனிந்து பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உழவைத் தொடர்வார்கள். துவக்கில் ஏறினால்தான் ரவை வெடிக்கும், துவக்கு இல்லாத இடத்தில் அது வெறும் பித்தளைத் துண்டு என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணத்தால் என் பெரியப்பா வலக்கையின் மூன்று விரல்களையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். அவருக்கு நடந்ததையும், அதற்கு முன்னரே நான் கற்றிருந்தும் வீட்டில் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காணி முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்காலின் கீழ், ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறது. இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து 2011ஆம் ஆண்டில் திரும்பி வந்தபோது வயலில் ஆளுயரத்துக்குப் பற்றை மண்டியிருந்தது. வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. காணியின் வடக்கு மூலையில் ஒரு மண் அணையும் அதற்குப் பின்னால் இரண்டு பதுங்குகுழிகளும் இருந்தன. மிதிவெடி இல்லை என்று உறுதிசெய்து காணியை எங்களிடம் கையளித்த பிறகும், ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் அந்த மூலையில் ரவைகள் தலைகாட்டிக்கொண்டே இருந்தன. கையளிக்கப்பட்ட நிலம் என்றால் அதில் இனி எதுவுமே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். குறித்த ஆழம் வரை தேடி முடிக்கப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். மழையும் கலப்பையும் அதற்குக் கீழே கிடப்பதையும் மேலே கொண்டுவரும்.

2012ஆம் ஆண்டில் நான் வேலையில் சேர்ந்தேன். என்னுடன் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்கள். பலர் குடும்பத்தைத் தனியே சுமந்தவர்கள். முகக்கவசமும் கனத்த மேலங்கியும் அணிந்து, றேக் என்று நாங்கள் சொல்லும் இரும்புப் பல் வாரியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்கும் வேலை அது. முகமாலையில் நாள் முழுவதும் வெயிலில் குந்தியிருந்து சில சதுர மீற்றர் நிலத்தை மட்டுமே முடித்த நாட்கள் உண்டு.

மிதிவெடியைவிடப் பன்மடங்கு அதிகமாக எங்கள் வாரியில் அகப்பட்டவை ரவைகளும், சுட்டபின் மிஞ்சும் வெற்றுக் கோதுகளுமே. ஒரே பதுங்குகுழியின் மண்ணில் மூன்று காலத்து ரவைகளைப் பார்த்திருக்கிறேன். அடியில் விளிம்பு புடைத்த பித்தளைக் கோதுடைய பழைய .303 ரவை, எண்பதுகளில் பொலிஸ் நிலையங்களில் இருந்த லீ என்ஃபீல்டு துவக்குகளுக்கு உரியது. அதைவிடத் தடித்து விளிம்பு இல்லாமல் இருக்கும் 7.62க்கு 51 மில்லிமீற்றர் ரவை, எஸ்எல்ஆர் வகைத் துவக்குகளுக்கு உரியது. 1987 முதல் 1990 வரை இங்கே இருந்த இந்தியப் படையினரும் அத்தகைய துவக்குகளையே தூக்கித் திரிந்தார்கள். மிக அதிகமாகக் கிடைப்பது ரி56 என்ற தானியங்கித் துவக்குக்குரிய 7.62க்கு 39 மில்லிமீற்றர் ரவை. அதன் கோது பெரும்பாலும் பித்தளை அன்று, செம்பு பூசிய இரும்பு. ஆகவே உப்பு மண்ணில் அது சீக்கிரம் துருவேறும். ஆனையிறவுப் பக்கத்து வெளிகளில் விரலால் அழுத்தினாலே உதிர்ந்துவிடும் கோதுகளைக் கண்டோம். மாங்குளத்துச் செம்மண்ணிலும் எங்கள் ஊர் வயற்களியிலும் நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்தது போல மினுங்கும் ரவைகளைக் கண்டோம். வெளித்தோற்றத்தை வைத்து உள்ளே இருக்கும் வெடிமருந்தின் நிலையை ஊகிக்க முடியாது. மினுங்குகிற ரவை நல்லது என்றும் துருவேறியது செத்துப்போனது என்றும் ஊரில் சொல்வது இரண்டு பக்கமும் பிழையானது.

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு பயிற்றுநர் எங்கள் அணிக்குச் சில வாரங்கள் வந்திருந்தார். நாங்கள் அவரைச் சேர் என்றே அழைத்தோம். மதியச் சாப்பாட்டு வேளையில், அன்று கிண்டி எடுத்த .303 ரவை ஒன்றைப் பற்றிய பேச்சு வந்தது. தம் நாட்டில், பொலிசாரின் அனுமதிப் பத்திரத்துடன், இரண்டாம் உலகப் போர்க் காலத்து லீ என்ஃபீல்டு துவக்கு ஒன்றைத் தாம் வைத்திருப்பதாகவும், குறிசுடும் கழகத்தில் சுடுவதற்கான ரவைகளைத் தாமே வீட்டில் நிரப்பிக்கொள்வதாகவும் மொழிபெயர்ப்பாளர் மூலம் அவர் சொன்னார். எங்களுக்கு அது நம்ப முடியாத செய்தியாக இருந்தது. நாங்கள் நாள் முழுவதும் தொட அஞ்சும் பொருளை ஒருவர் பொழுதுபோக்காக மேசையில் வைத்துச் செய்கிறார் என்பதைக் கேட்டு என் தோழி ஒருத்தி சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டாள். அதைக் கண்ட பின்னரே அவர் பொறுமையாக விளக்கத் தொடங்கினார். அந்த விளக்கம் எங்கள் பயிற்சிப் பாடங்கள் பலவற்றைவிட எனக்கு உதவியது.

ரவை என்பது நான்கு உறுப்புகள் ஒன்றுக்கொன்று அளவெடுத்துப் பொருத்தப்பட்ட ஒன்று என்றார். அடியில் துவக்கின் ஊசி தட்டும் சிறு வட்டம், அதை நாங்கள் கெப் என்போம், கோது, உள்ளே மருந்து, முன்னால் பறந்து போகும் சன்னம். இந்த நான்கும் தங்களுக்குள் பொருந்த வேண்டும், பின்னர் நான்கும் சேர்ந்து அந்தத் துவக்குக்கும் பொருந்த வேண்டும். ஆகவே புதிய ரவை நிரப்புகிறவர் தொழிற்சாலை வெளியிட்ட அட்டவணையில் அந்த மருந்துக்கும் அந்தச் சன்ன எடைக்கும் உரிய அளவைப் பார்த்து, அதில் குறிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவிலிருந்தே தொடங்குகிறார். நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசில் ஒவ்வொன்றையும் நிறுக்கிறார். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துப் போத்தலை மட்டுமே வைக்கிறார். நிரப்பிய கோதுகளை வரிசையாக நிறுத்தி, வெளிச்சத்தைப் பிடித்து, எந்தக் கோதிலும் மருந்து இரண்டு தடவை விழவில்லை என்று பார்த்த பிறகுதான் சன்னத்தைச் செருகுகிறார். அந்த நேரத்தில் வானொலியைக்கூடப் போடுவதில்லை என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

பழைய இராணுவத் துவக்குகளில் இன்னும் பல சிக்கல்கள் உண்டு என்றும் சொன்னார். லீ என்ஃபீல்டின் பூட்டு, ரவைக்கு அருகே தன் முன்பக்கத்தில் அல்லாமல் பின்பக்கத்தில் பிடிக்கிறது. சேறும் மணலும் நிறைந்த போர்க்களத்தில் ரவை இறுகிவிடாதபடி அது அமரும் அறையையும் தாராளமாகக் குடைந்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கோது சிறிது நீளுகிறது. அடிக்குச் சற்று மேலே உட்புறத்தில் மெல்லிய பள்ளம் விழுகிறது. சில தடவைகளுக்குப் பின் கோது அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். நுனி வளைத்த கம்பியைக் கோதுக்குள் விட்டுத் தடவிப் பார்த்து, அந்தப் பள்ளம் கம்பியில் தட்டுப்பட்டால் கோதை நசுக்கி எறிந்துவிடுவார். பழைய ரவைகள் பலவற்றின் கெப்பில் இருந்த கலவை எரிந்த பின் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரவோடு இரவாகக் குழலை அரிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. ஆகவே அந்தக் காலத்துப் படைவீரர்கள் முதலில் கொதிநீரை ஊற்றிக் கழுவி, அதன் பிறகே எண்ணெய் பூசினார்கள். குழலின் வாய்வழியே மருந்தை இடித்து நிரப்பும் எங்கள் ஊர் இடியன் துவக்கையும் சுட்ட பின் வெந்நீரால் கழுவுவார்கள் என்று நான் சொன்னபோது, அதில் போடும் கரிமருந்தின் கசடும் அப்படித்தான் ஈரத்தை இழுக்கும் என்று சொல்லி மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

இவ்வளவும் செய்கிற அந்த மனிதரிடம், நாங்கள் கிண்டி எடுக்கும் ரவையிலுள்ள மருந்தைப் பயன்படுத்துவீர்களா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் போத்தலிலிருந்து வந்தது என்று தெரியாத ஒரு துளி மருந்தும் தம் வீட்டு மேசைக்கு வராது என்றார். பழைய .303 ரவைகளுக்குள் இடியப்ப இழை போன்ற கோடைற் என்ற மருந்து இருக்கும். அதைப் பார்த்தால் எவருக்கும் அடையாளம் தெரியும். அதையும்கூடத் தாம் மறுபடி எடுத்துப் பாவிப்பதில்லை என்றார். இரண்டு மருந்துகள் பார்வைக்கு ஒரே கறுப்புத் தூளாக இருந்தாலும், ஒன்று மெதுவாகவும் மற்றது மிக விரைவாகவும் எரியலாம். கண்ணாலும் விரலாலும் மூக்காலும் அந்த வேறுபாட்டை எவராலும் கண்டறிய முடியாது.

அத்துடன், பழைய மருந்து காலத்தோடு மாறவும் செய்கிறது. இந்த ரவைகளில் இருக்கும் புகையற்ற மருந்தின் அடிப்படை நைத்திரோசெலுலோசு. அது தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலிருந்தே மிக மெதுவாகத் தானாகச் சிதையும். சிதையும்போது வெளிவரும் நைதரசன் ஒட்சைட்டு வாயுக்கள் சிதைவை மேலும் விரைவாக்கும். அந்த வாயுக்களைப் பிடித்து அடக்குவதற்காகவே மருந்தில் ஒரு நிலைப்படுத்தும் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்தப் பொருள் தீர்ந்துபோன பின் தடுப்பு எதுவும் இல்லை. வெப்பம் கூடக்கூட இவை எல்லாமே விரைந்து நடக்கும். வைகாசி, ஆனி மாதங்களில் தகரக் கூரையின் கீழே ஒரு பேணிக்குள் கிடக்கும் ரவைக்கு, குளிர் நாட்டுக் களஞ்சியத்தில் கிடக்கும் ரவையின் ஆயுள் இருக்காது. கெட்டுப்போன மருந்து புளித்த, மூக்கைச் சுண்டும் மணம் தரும். சில வேளை செங்கபிலப் புகை கிளம்பும். கோதின் உட்புறத்தில் பச்சைக் களிம்பு படரும். பெருமளவு மருந்து ஒரே இடத்தில் குவிந்திருந்தால் தானாகவே தீப்பற்றவும் கூடும். ஆனால் இந்த அறிகுறிகள் எவையும் இல்லாமலும் மருந்து கெட்டிருக்கலாம் என்பதால், மணந்து பார்த்து முடிவெடுப்பது சோதனை ஆகாது. ரவையைத் திறந்தால்தான் மணக்க முடியும், திறப்பதே முதற்பிழை.

பித்தளைக் கோதைப் பற்றியும் ஒரு செய்தி சொன்னார். அதை நான் பின்னாளில் என் கண்ணால் கண்டேன். ஆங்கிலேயர் இந்தியாவை ஆண்ட காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட ரவைகளின் கழுத்து எவரும் தொடாமலே விரிசல் விட்டுப் பிளந்தது. பருவ மழையோடு வருவதால் அதைப் பருவ வெடிப்பு என்று அழைத்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா, இழுவிசையில் இருக்கும் பித்தளையைப் பிளக்கிறது என்ற காரணத்தை 1921ஆம் ஆண்டில்தான் விளக்கினார்கள். எங்கள் ஊரில் மாட்டுக் கொட்டில் இல்லாத வளவு குறைவு; அகப்பட்ட ரவைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடம் என்று கொட்டிலின் கூரை இறப்பில்தான் செருகி வைப்பார்கள்.

பெரியப்பாவும் அங்கேதான் வைத்திருந்தார்.

அவரிடம் ஒரு இடியன் துவக்கு இருந்தது. அதற்கு அனுமதி இல்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. மீள்குடியேறிய முதல் ஆண்டுகளில் காட்டுப்பன்றிகள் மரவள்ளியையும் கச்சானையும் ஒரே இரவில் கிண்டி அழித்துவிடும். யானையை விரட்ட வெடி கொளுத்தலாம், பன்றிக்கு அது பழகிவிடும். கரிமருந்து கிடைப்பது அரிதாகிவிட்ட நேரத்தில், காணி மூலையில் பொறுக்கிய ரி56 ரவைகள் ஒரு பால்மாப் பேணி நிறையச் சேர்ந்திருந்தன. மருந்து எல்லாம் மருந்துதானே என்று அவர் எண்ணினார். வழக்கமாகக் கரிமருந்தை அளக்கும் அதே மூங்கில் அளவால் அந்த மருந்தையும் அளந்து போட்டார்.

2014 ஆவணி மாதத்தில் ஓர் இரவு, பத்து மணியளவில், ஒரு வெடிச் சத்தம் கேட்டது. இடியனின் சத்தம் எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கமானது. அது கனத்து, இழுபட்டு, எதிரொலித்து அடங்கும். அன்று கேட்டது குறுகிய, கூரான சத்தம். டோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு ஓடினோம். குழலின் பின்பகுதி வாழைப்பூ விரிந்தது போலப் பிளந்து கிடந்தது. பெரியப்பா வரம்பில் அமர்ந்து இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, கிட்ட வராதே, பேணி கொட்டிலுக்க கிடக்கு" என்றுதான் முதலில் சொன்னார். நான் முதலுதவியும் கற்றிருந்ததால் கையை உயர்த்திப் பிடித்து, துணியை வைத்து அழுத்திக் கட்டினேன். கண்ணில் குத்தியிருந்த துணுக்கை எவரையும் தொட விடாமல் ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடி ஒட்டினேன். அயலவரின் வானில் வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். உயிர் தப்பியது.

ஏன் அப்படி நடந்தது என்பதை நான் அன்றிரவே அறிவேன். அறிந்திருந்ததுதான் என்னை நெடுநாள் வாட்டியது. கரிமருந்து எரியும்போது அதில் பாதிக்கு மேற்பட்டது புகையாகவும் கசடாகவும் மாறிவிடும். அழுத்தம் கூடினாலும் அது எரியும் வேகம் பெரிதாகக் கூடுவதில்லை. புகையற்ற மருந்தோ ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிறது. அழுத்தம் கூடக்கூட இன்னும் விரைவாக எரிந்து, அந்த விரைவால் அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. ஒரு கார் ரயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார் அழுத்தக் காற்று. தொழிற்சாலையில் செய்த, 12 துளை என்ற அளவுள்ள வேட்டைத் துவக்கின் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 740 பார். ரி56 ரவைக்கு அது 3550 பார். அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி வார்த்த உருக்கில், பூட்டும் அறையும் கணித்துச் செய்யப்பட்ட துவக்கில் எரிய வேண்டிய மருந்தை, ஊர்ப் பட்டறையில் செய்த குழலில் போட்டால் அது வேறு எவ்விதமாக முடியும்? மறுநாள் அந்தப் பேணியை அப்புறப்படுத்த வந்தவர்கள் தூரத்தில் வைத்துக் காட்டியபோது, அதில் கிடந்த பித்தளை ரவைகள் இரண்டின் கழுத்து மயிர்க்கோடாகப் பிளந்திருந்ததைக் கண்டேன். மாட்டுக் கொட்டிலில் இரண்டு மழைக்காலங்களைக் கழித்த ரவைகள் அவை.

சேர் சொன்னவற்றை எல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த நான், அதே வளவில் இருந்த பெரியப்பாவிடம் ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. வேலை வேறு, வீடு வேறு என்று நினைத்திருந்தேன். அவரிடம் துவக்கு இருந்ததும் எனக்குத் தெரியும். மூத்தவர் ஒருவருக்குப் புத்தி சொல்வதா என்ற கூச்சமும், பொலிசில் மாட்டிக்கொள்வாரோ என்ற பயமும் என் வாயை அடைத்துவிட்டன. அன்றிலிருந்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும், செத்த வீடானாலும் கலியாண வீடானாலும், ரவை என்ற பேச்சு எழுந்தால் நான் சொல்லாமல் விடுவதில்லை.

நான் சொல்வது பெரும்பாலும் நெருப்பிலிருந்தே தொடங்கும், ஏனென்றால் எங்கள் ஊர்களில் ரவையால் நேரும் காயங்களில் நான் கண்டவை பல குப்பை எரிக்கும்போது நேர்ந்தவை. பற்றையை வெட்டிக் குவித்துத் தீ வைக்கும் முன், குவியலுக்குக் கீழுள்ள நிலத்தை வெயில் சாய்ந்த நேரத்தில் பார்க்க வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் உலோகம் மினுங்கித் தெரியும். மண் அணை, பதுங்குகுழி, பழைய காவலரண் இருந்த இடங்களில் தீயே வைக்கக்கூடாது. தீயில் விழுந்த தனி ரவையின் சன்னம், துவக்கில் பறப்பதுபோலத் தூரம் போவதில்லை. குழல் இல்லாததால் கோதே கிழிந்து, அதன் துண்டுகளும் கெப்பும்தான் தெறிக்கும். உயிரைப் பறிப்பது அரிது. கண்ணைப் பறிப்பது அரிதன்று. ஏற்கெனவே எரியும் குவியலில் ஒரு வெடிப்புக் கேட்டால், தண்ணீர் வாளியோடு கிட்டப் போகாமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு தூரமாக ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். முதலில் வெடித்தது ரவைதான் என்றாலும், அடுத்து வெடிப்பது கைக்குண்டாக இருக்கலாம்.

தண்ணீரில் ஊறினால் ரவை செத்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. இராணுவ ரவைகளின் கெப்பைச் சுற்றியும் கழுத்திலும் ஈரம் புகாதபடி அரக்குப் போன்ற பூச்சு இட்டிருப்பார்கள். குளத்து வண்டலில் பல ஆண்டுகள் கிடந்த ரவையும் உயிரோடு இருக்கலாம். எண்ணெயில் ஊறப்போடுவதும் அப்படியே, நம்பத் தகுந்ததன்று. சன்னத்தைக் குறட்டால் பிடுங்குவது, பித்தளைக்காகக் கோதைச் சுத்தியலால் தட்டுவது, மாலைக்குக் கோப்பதற்காகப் பிள்ளைகள் ஆணியால் துளையிடுவது ஆகிய மூன்றும் கெப்பின் மீது அடி விழும் செயல்கள். சன்னத்தின் நுனியில் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று வண்ணம் பூசிய ரவைகளின் சன்னத்துக்குள்ளேயே எரியும் கலவை இருக்கலாம். ஆகவே மருந்தைக் கொட்டிவிட்டேன், இனிப் பயமில்லை என்று அவற்றைப் பற்றிச் சொல்லவே முடியாது. பழைய இரும்பு வாங்க வருபவர்களிடம் கோதும் ரவையும் கலந்த சாக்கைக் கொடுப்பவர்கள், அந்த ஆபத்தை லொறியில் ஏற்றி இன்னொரு குடும்பத்தின் வாசலுக்கு அனுப்புகிறார்கள்.

ஒற்றை ரவையைக் கண்டாலும் செய்ய வேண்டியது ஒன்றே. தொடாமல் நின்று, வந்த கால் தடத்திலேயே திரும்பி, சற்றுத் தள்ளி ஒரு தடியில் துணியைக் கட்டி நட்டு, கிராம அலுவலரிடமோ பொலிசிடமோ 119 இலக்கத்திலோ சொல்ல வேண்டும். ஒற்றை ரவைக்கு இவ்வளவு வேண்டுமா என்று கேட்பார்கள். ரவை தனியே கிடப்பது குறைவு. எங்கே ஒருவன் நின்று சுட்டானோ அங்கேயேதான் கைக்குண்டும் மிதிவெடியும் கிடக்கும் என்பதை முகமாலையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காயம் நேர்ந்தால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். 2014இல் எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அத்துடன், 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. வீட்டில் ரவை சேர்த்து வைப்பதும் மருந்து நிரப்புவதும் பிடிபட்டால் வழக்காகும். சட்டத்துக்குப் பயந்து காயத்தை மறைத்து, வைத்தியசாலைக்குப் போகாமல் கையை அழுகவிட்டவர்களையும் நான் அறிவேன். ஆகவே இதைச் சொல்லும்போது, முதலில் உயிர், பிறகுதான் வழக்கு என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

பயிர்ப் பாதுகாப்புக்காக முறையாக விண்ணப்பித்து 12 துளைத் துவக்கு வைத்திருக்கும் உறவினர் ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். அவரிடமும் நான் விடாமல் சொல்பவை சில உண்டு. தோட்டாவை அனுமதி பெற்ற இடத்தில் பெட்டியோடு வாங்க வேண்டும். சுட்ட கோதை மறுபடி நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கக்கூடாது. ஈரத்தில் உப்பிய தோட்டாவைத் தேய்த்துச் சிறிதாக்கி அறைக்குள் திணிக்கக்கூடாது. மாதக்கணக்கில் மூலையில் சாத்தியிருந்த துவக்கை எடுத்தால், மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலின் ஊடாக வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் குளவிகள் எந்த ஓட்டையையும் விடாமல் மண்கூடு கட்டும், அந்தச் சிறு மண்ணடைப்பே குழலைப் பிளக்கப் போதும். 20 துளைத் தோட்டாவும் 12 துளைத் தோட்டாவும் ஒரே பையில் இருக்கக்கூடாது. சிறிய தோட்டா பெரிய குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் சிக்கிக்கொள்ளும். பார்க்கிறவருக்கு அறை வெறுமையாகத் தெரியும். பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், உடனே திறக்காமல், வாயை ஆளில்லாத திசையில் வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பழைய தோட்டாவில் தீ தாமதித்துப் பிடிப்பதுண்டு. சத்தம் மெலிந்து கேட்டால் அடுத்ததைப் போடும் முன் குழலில் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டு அவர் இவற்றைச் சலிப்போடு கேட்டார். ஒரு நாள் குழலைப் பார்த்தபோது குளவிக்கூடு இருந்ததாக அவரே வந்து சொன்ன பிறகு, எனக்கு முன்னால் துவக்கை மடக்கி வெளிச்சம் பார்த்துக் காட்டுவது அவரது வழக்கமாகிவிட்டது.

பெரியப்பா இப்போது இடக்கையால் மண்வெட்டி பிடிக்கப் பழகிவிட்டார். இலங்கை 2017ஆம் ஆண்டு மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த பிறகு ஊரில் விழிப்பூட்டல் கூட்டம் ஒன்று நடந்தபோது, எவரும் கேட்காமலே அவர் எழுந்து சென்று மேசையில் தம் வலக்கையை வைத்தார். பேசவில்லை. பிள்ளைகள் அருகில் வந்து பார்த்தார்கள்.

சென்ற காலபோகத்துக்கு உழுதபோது வடக்கு மூலையில் மறுபடி ரவைகள் வெளிவந்தன. பெரியப்பாதான் முதலில் கண்டார். உழவு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, தோளில் கிடந்த துவாயைக் கிழித்துப் பூவரசந்தடியில் கட்டி நட்டுவிட்டு, என்னை அழைத்தார். நான் கிராம அலுவலருக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் அப்புறப்படுத்துகிறவர்கள் வந்து கிண்டியபோது நாற்பதுக்கு மேற்பட்ட ரவைகளும், அவற்றுக்கு ஒரு முழம் கீழே ஒரு கைக்குண்டும் இருந்தன. அவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலை அந்த மூலையையும் உழுது விதைத்தோம்.